நொண்டித்துரை தோட்டத்துக்கு இன்னொரு பெயர்

என் அன்பு மகன் சரவணனுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கு இருக்கும், சில கடுகு அளவுக்கு இருக்கும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு வரியும் கடைசியில் சரிந்து கீழே இறங்கிவிடுகிறது. 'ழ' மட்டும் நன்றாக வந்திருக்கும், பார். அது பார்க்க அழகாக இருக்கிறது என்று அதையே அதிகமாக எழுதிப் பழகிவிட்டேன். உன் அம்மா எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "ஒரு கடுதாசிக்குக் கண்ணாடி, காப்பி, காத்தாடி எல்லாம் வேணுமா? பெரிய கிராணி கெட்டாரு போங்க" என்கிறாள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிராணிகளை நினைத்துச் சொல்கிறாள். சொல்லட்டும். நான் எழுதும் முதல் கடிதம் இது. அவசரப்படப் போவதில்லை.

போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. இந்த வசதி எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பண்டார் பாருவிலிருந்து இங்கே சுங்கைப் பட்டாணிக்கு வந்தாய். ரம்புத்தான் உரித்துத் தின்றுகொண்டே, ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாய். "நாப்பது வயசுல எனக்கு எதுக்குப்பா இந்தப் படிப்பு? பேக்டரி வேலையே போதும். கட்டுரைக்கு மூணு தலைப்பு குடுத்தேன், மூணையும் திருப்பிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள தலைப்பு குடுக்கலன்னா இந்தத் தவணையே போச்சு. நானே விட்டுறலாம்னு இருக்கேன்." உன் அம்மா என்னைப் பார்த்தாள். தலைப்பு என்றால் என்ன, அதை ஏன் திருப்புகிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. புரியாத விஷயத்தில் மகனுக்குப் புத்தி சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் புரிந்துகொள்ள வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் எங்கள் எழுத்து வகுப்பு உன் கல்லூரி நூலகத்தின் பின் அறையில்தான் நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள்தான் எங்களைப் போன்ற கிழவர் கிழவிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த அறைக்குப் போக நூலகத்தின் நடு வழியாகத்தான் போக வேண்டும். இத்தனை மாதமாக இரண்டு பக்கமும் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். ஒரு புத்தகத்தைக்கூடத் தொட்டதில்லை. நகைக்கடைக்குள் போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்போமே, அப்படித்தான் நடப்பேன். இந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. முன்னால் மேசையில் இருக்கும் நூலகர் ஜமீலாவிடம் நேராகப் போய், "அம்மா, தலைப்புன்னா என்னா?" என்று கேட்டேன்.

ஜமீலாவை நீ பார்த்திருப்பாய். முக்காடு போட்டு, பெரிய கண்ணாடி அணிந்திருப்பார். அலோர் ஸ்டாரில் மெர்கோங் பக்கம் அவருடைய அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம். நம் தமிழ் பேசுவார், நடுவில் மலாய்க்காரர் போல ஒரு 'லா' வந்து விழும். நான் விஷயத்தைச் சொன்னதும், "ஒங்க மகன் ஏன் லா இங்க வந்து கேக்கல?" என்றார். "வெக்கப்படுறான்" என்றேன். "ஒங்களுக்கு வெக்கம் இல்லையா அங்கிள்?" என்றார். "எனக்கு இந்த வயசுல தான் 'அ' தெரிஞ்சுது. இனிமே எங்க போயி வெக்கப்படுறது?" என்றேன். சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். சரவணா, அந்த மேசைக்குப் பின்னால் அவரை உட்கார வைத்திருப்பதே நாம் கேட்பதற்காகத்தானாம். யாரும் கேட்காத நாளில்தான் அவருக்கு வேலை ஓடாதாம்.

உன் முதல் தலைப்பைச் சொன்னேன்: மலேசியத் தமிழர் வரலாறு. அவர் கணினியில் தட்டியதும் திரை நிறையப் பெயர்கள் ஓடின. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. "இதுல எத படிப்பாரு, எத விடுவாரு? படிச்சு முடிக்கறதுக்குள்ள பேரப்புள்ள எடுத்துருவாரு" என்றார். இரண்டாவது தலைப்பு, ரப்பர் தோட்ட வாழ்க்கை. அதற்கும் அதே கதைதான். "லெக்சரர் திருப்புனது தலைப்பு கெட்டதுன்னு இல்ல அங்கிள். அகலம். எந்த எடம், எந்தக் காலம், எந்த ஆளுங்க, அதுல என்ன தெரிஞ்சுக்கணும். இத ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே போனா தலைப்பு மெலிஞ்சு வரும். கடைசியில அது ஒரு கேள்வியா நிக்கணும்." நான் அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் எழுதி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

மூன்றாவது தலைப்புதான் எனக்கு வலித்தது. நாங்கள் பிறந்து வளர்ந்த, நீயும் பிறந்த நொண்டித்துரை தோட்டம். அதை நீ எழுத நினைத்தாய் என்பதே எனக்குப் பெருமை. ஆனால் கணினியில் ஒன்றும் வரவில்லை. ஜமீலா தமிழில் தட்டினார், மலாய் எழுத்தில் தட்டினார், விதவிதமாகத் தட்டினார். வெறும் திரை. நீயும் இதைத்தான் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு, நம்மைப் பற்றி எவனும் ஒரு வரி எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் தாத்தா, என் அப்பா, நான் என்று மூன்று தலைமுறை பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த இடம். ஒரு வரிகூடவா இல்லை?

ஜமீலா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அங்கிள், நொண்டித்தொரை தோட்டம்னு கூப்பிட்டது யாரு? நீங்கதான? கம்பெனிக்காரன் அவன் பேப்பர்ல என்ன பேரு எழுதினான்?"

எனக்குத் தெரியவில்லை. நம்ப முடிகிறதா? அங்கே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அந்த இடத்தின் எழுத்துப் பெயர் எனக்குத் தெரியவில்லை. கிராணிகள்கூட எங்களிடம் பேசும்போது 'தோட்டம்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. ஆற்றைக் கடந்து போக வேண்டும் என்பதால் நான் போகவே இல்லை. நீ நடக்கப் பழகிய வயதில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், நாம் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். அதனால் உனக்கும் அந்தப் பெயர் தெரிய வழியில்லை. நம் மக்கள் எல்லா இடத்துக்கும் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் போதுமாக இருந்தது. சுங்கை பெத்தானியையே சுங்கைப் பட்டாணி ஆக்கியவர்கள் நாம்.

"பேரு தெரியலன்னா எடம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாமல் இருக்குமா? ஒரு அகலமான இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பழைய நில வரைபடங்கள், பாய் போலப் பெரியவை. இப்படி ஒன்று நூலகத்தில் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? உனக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நூலகம் என்றால் புத்தகம் மட்டும் இல்லை, சரவணா. ஜமீலா ஒரு படத்தை மேசைமேல் விரித்து, கடலோரத்தில் ஓரிடத்தைக் காட்டி, "இது தஞ்சோங் டாவாய்" என்றார். அது போதும் எனக்கு. கருவாடு வாங்க எத்தனை முறை போயிருக்கிறேன். மெர்போக் ஆறு அங்கேதான் கடலில் சேர்கிறது. அந்த நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து மேலே நகர்த்திக்கொண்டே போனேன். ஆறு வளைந்தது, நானும் வளைந்தேன். சின்ன ஓடை வந்து சேரும் இடத்தில் விரலை நிறுத்தினேன். அங்கே ஒரு பெயர் எழுதியிருந்தது, இங்கிலீஷில்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் பெயரை எனக்குத் தெரியும். முதல் எழுத்துக்கு ஒரு முதுகும் இரண்டு வயிறும் இருக்கும். நடுவில் இரண்டு குச்சிகள் அருகருகே நிற்கும். பால் லாரியில் நான் உதவியாளாக இருந்தபோது, தினமும் சாயங்காலம் லாரியைக் கழுவுவேன். அதன் கதவில் வெள்ளைச் சாயத்தில் அந்த எழுத்துகள்தான் இருந்தன. ரப்பர் பால் தெறித்துக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வயிற்றுக்குள் நகத்தை விட்டுச் சுரண்டுவேன். என் கை அறிந்த பெயர் அது, வாய்தான் அறியவில்லை. "அம்மா, இத படிங்க" என்றேன். என் குரல் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது போல, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "பெல்விக்" என்று படித்தார் ஜமீலா. பெல்விக். நாங்கள் பெல்விக் தோட்டத்துக்காரர்களாம்! உன் அம்மாவிடம் சொன்னபோது, "அது என்னா, பிஸ்கட் பேரு மாதிரி இருக்கு" என்றாள்.

பிறகு நடந்ததை நீ கவனமாகப் படி. அந்தப் பெயரைக் கணினியில் தட்டியதும் வெறும் திரை பேச ஆரம்பித்தது. கெடா மாநிலத்தில் இருந்த வெள்ளைக்காரக் கம்பெனிகளைப் பற்றிய ஒரு புத்தகம் வந்தது. அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரு எண்ணை எழுதித் தந்தார். எண் எனக்கு எழுத்துக்கு முன்பே தெரியும். அலமாரி அலமாரியாக எண்களைப் பார்த்துக்கொண்டே போய் நானே அந்தப் புத்தகத்தை எடுத்தேன். எடுத்த பிறகு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன், யாராவது பார்க்கிறார்களா என்று. பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதற்கு இரண்டு பக்கமும் இருந்த புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் ஜமீலா. ஒரே விஷயத்தைப் பற்றிய புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில்தான் வைப்பார்களாம். தேடிப்போன வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்பதில்லையா, அந்த மாதிரி.

தடித்த புத்தகத்தைப் பார்த்து நீ பயப்படாதே. ஜமீலா முதல் பக்கத்தைத் திறக்கவே இல்லை. கடைசிக்குப் போனார். அங்கே பெயர்களை வரிசைப்படுத்தி, எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று போட்டிருக்கிறார்கள். அதில் பெல்விக் இருந்தது. அந்தப் பக்கங்களை மட்டும் எனக்குப் படித்துச் சொன்னார். அதற்கும் பின்னால், இந்தப் புத்தகத்தை எழுதியவர் எதையெல்லாம் படித்து எழுதினார் என்று ஒரு நீண்ட வரிசை. "இதுதான் அங்கிள் நம்மளுக்கு வழி. அவரு எங்க போனாரோ அங்க நம்மளும் போலாம்" என்றார். அந்த வழியாகப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளுக்குப் போனோம். அவை இப்போது கணினிக்குள்ளேயே இருக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகளுக்கு, அதாவது உனக்கு, அது இலவசம். வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். பேக்டரி ஓய்வு நேரத்தில் போனிலேயே பார்க்கலாமாம்.

அங்கேதான் எனக்கு ஓர் அடி விழுந்தது. தோட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று உன் தாத்தா சொன்ன கதை உனக்கும் தெரியும். துரை ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பாராம், பெரட்டுக்கு ஆட்கள் விடியற்காலையில் பேர் கொடுக்கக் கூடி நிற்கும்போது அந்தக் கால் சத்தம் கேட்டாலே கங்காணிகூட நடுங்குவாராம். உன்னைத் தூங்க வைக்க நானே அந்தக் காலைப் போல நடந்து காட்டியிருக்கிறேன். பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. கிளப்பில் நடந்த டென்னிஸ் போட்டியில் பெல்விக் தோட்டத்து மேனேஜர் கோப்பை வாங்கினாராம்! "நொண்டி எப்படிம்மா டென்னிஸ் ஆடுவான்?" என்றேன். ஜமீலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு தாமே சொன்னார். "அவசரப்படாதீங்க. அதுக்கு அப்புறம் விழுந்திருக்கலாம். இது வேற தொரையா இருக்கலாம். ஒரே ஒரு பேப்பர பாத்து முடிவு பண்ணக் கூடாது."

அதற்குள் வகுப்பு முடிந்து எல்லாரும் எங்கள் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த முனியம்மா அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அட போய்யா. நொண்டினது தொரை இல்ல, அவரு குதிர. எங்க ஆயா பாத்திருக்கு" என்றார். "குதிரை நொண்டுனா குதிரை தோட்டம்னுதானே அக்கா சொல்லணும்?" என்றேன். "நீ அப்பயும் படிக்காம சண்ட போட்ட, இப்ப படிச்சிட்டும் சண்ட போடுற" என்றார். மற்றவர்கள் தங்கள் தோட்டப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பாம்புக்காட்டுத் தோட்டம். பழைய மிசின் தோட்டம். அழுதகல்லுத் தோட்டம். ஒருவருக்கும் கம்பெனி வைத்த பெயர் தெரியவில்லை. இத்தனை சத்தத்தையும் ஜமீலா அதட்டவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணினியில் ஏதோ தேடினார். இந்த இரட்டைப் பெயர்களைப் பற்றி வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவர் தம் ஆய்வில் கொஞ்சம் தொட்டிருக்கிறாராம். கேட்டால் அனுப்பி வைப்பார்களாம். மெர்போக் ஆற்றங்கரைத் தோட்டங்களைப் பற்றி மட்டும் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை என்றார். "யாருமே தொடாத விஷயம்னா படிக்க ஒண்ணும் கெடைக்காது. எல்லாரும் எழுதிட்டா நம்மளுக்கு வேல இல்ல. இது நடுவுல இருக்கு, அங்கிள். நல்ல எடம்."

சரவணா, இதை உன் தலைப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தெரியும்? நான் கண்டதைச் சொல்கிறேன். நீ தட்டி ஒன்றும் வராததால் விட்டுவிட்டாய். ஏன் வரவில்லை என்று அந்த அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில்தான் இவ்வளவும் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டென்னிஸ் செய்தியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று மதியம் திரும்பிப் போனேன். எந்தப் பத்திரிகை, எந்த நாள் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் தேடிப் பிடிக்க வெகுநேரம் ஆகிவிட்டது. ஜமீலா சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. எதைப் பார்த்தாலும் எங்கே பார்த்தாய் என்பதை அப்போதே எழுதிக்கொள். இதை மட்டும் அப்பா சொன்னதாக வைத்துக்கொள்.

இதுவரை எழுதிவிட்டுக் கை வலித்ததால் சில நாள் மூடி வைத்தேன். நேற்றுச் சாயங்காலம் மருமகள் கவிதா போன் செய்தாள். நீ புத்தகங்களை எல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டாயாம். விலகுவதாகக் கடிதமும் அடித்து வைத்துவிட்டாயாம். சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாயாம். "நீங்க பேசுங்க மாமா" என்றாள். ஆனால் பேச மாட்டேன் என்றேன். நான் பேசினால் நீ சரிப்பா சொல்லி வைத்துவிடுவாய், திங்கட்கிழமை உன் பாட்டுக்குக் கொடுத்துவிடுவாய். "அவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லும்மா. நொண்டித்தொரை டென்னிஸ்ல கோப்ப வாங்கியிருக்காருன்னு சொல்லு" என்றேன். "அவ்வளவுதானா மாமா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன்.

இன்று காலை நீ போன் செய்தாய். பேக்டரி பஸ்ஸின் சத்தம் பின்னால் கேட்டது.

"அப்பா, கவிதா என்னமோ சொல்றா. நொண்டித்தொரை டென்னிஸ் ஆடுனாராமே?"

"ஆமா."

"அப்ப நொண்டினது யாரு?"

"முனியம்மா அக்கா குதிரைங்குது."

"குதிரையா? சும்மா வெளையாடாதீங்கப்பா. தாத்தா சொன்னது பொய்யா?"

"தெரியலடா. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் லைப்ரரியில போயி ஒக்காந்திருக்கேன்?"

பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. பிறகு, "சனிக்கிழம அந்த அம்மா இருப்பாங்களா?" என்று கேட்டாய். இருப்பார் என்றேன். நீ "சரிப்பா" என்றாய். ஒரே ஒரு முறைதான் சொன்னாய். நான் எண்ணினேன்.

அந்த வரைபடத்தையும் புத்தகத்தையும் ஜமீலா உன் பெயர் எழுதி மேசைக்குப் பின்னால் எடுத்து வைத்திருக்கிறார். உன் அம்மா உனக்குப் பிடித்த இறால் சம்பல் வைக்கப் போகிறாள். தலைப்பு உன்னுடையது, முடிவும் உன்னுடையது. படித்துப் பார்த்துவிட்டு உன் தாத்தா சொன்னது தப்பு என்று நீ எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. அவர் கதை சொன்னார், நீ தேடிப் பார்க்கிறாய். குதிரை என்று மட்டும் முடிந்தால் முனியம்மா அக்காவின் வாயை என்னால் அடைக்க முடியாது, அதற்குத் தயாராக இருக்கிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சனிக்கிழமை கடந்திருக்கும். பரவாயில்லை, என்ன நடந்தது என்று நம் இருவருக்கும் அப்போது தெரிந்திருக்கும். உறையின்மேல் முகவரியை எங்கள் வகுப்பில் சொல்லித்தரும் பெண்தான் இங்கிலீஷில் எழுதித் தந்தாள். பார்த்தேன், பண்டார் பாருவிலும் அந்த இரண்டு வயிற்று எழுத்துதான் இரண்டு முறை வருகிறது. அடுத்த வாரக் கடிதத்துக்கு உறையையும் நானே எழுதுகிறேன்.

உன் அப்பா